"நவ் அண்ட் தென்" முதல் "ஒன்ஸ் அண்ட் ஃபர் ஆல்" வரை: ஆங்கில ஜோடி வினையடைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

"அவர் அப்பப்போ போன் பண்ணுவார்." இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் "சம்டைம்ஸ்" போட்டு முடித்துவிடுவோம். அது சரிதான். ஆனால் ஆங்கிலத்தைப் பேசியே வளர்ந்தவர் அதே இடத்தில் "ஹி கால்ஸ் மீ நவ் அண்ட் தென்" என்றும் இயல்பாகச் சொல்வார். சின்னச் சின்னச் சொற்கள் இரண்டு, நடுவில் ஒரு "அண்ட்". மூன்றும் சேர்ந்து ஒரே வினையடையாக வேலை செய்கின்றன. "அகெய்ன் அண்ட் அகெய்ன்", "ஹியர் அண்ட் தேர்", "சூனர் ஆர் லேட்டர்", "மோர் ஆர் லெஸ்" எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அன்றாடப் பேச்சில் இவை இல்லாத பத்து நிமிட உரையாடலைக் கேட்பது கடினம்.

"நோ சூனர்... தேன்", "நாட் ஒன்லி... பட் ஆல்சோ" போன்றவற்றையும் சிலர் ஜோடிகள் என்பார்கள். அவை வாக்கியத்தின் இரண்டு பகுதிகளைக் கோக்கும் வேறு வகை. இங்கே அவற்றைத் தொடப்போவதில்லை.

படி 1: தமிழில் இரட்டிப்பு, ஆங்கிலத்தில் இணைப்பு

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான், இங்கே கொஞ்சம் நின்று போகலாம். தமிழில் ஒரு வினையடைக்கு அழுத்தம் வேண்டுமென்றால் அதே சொல்லை இரண்டு முறை சொல்கிறோம். அவ்வப்போது, அங்கங்கே, மெல்ல மெல்ல, திரும்பத் திரும்ப, சுற்றிச் சுற்றி. பள்ளி இலக்கணத்தில் அடுக்குத்தொடர் என்று படித்தது இதைத்தான். நடுவில் எந்த இணைப்பும் தேவைப்படுவதில்லை.

இந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் "ஸ்லோலி ஸ்லோலி", "தேர் தேர்", "ஒன் ஒன்" என்று வந்து நிற்கும். கேட்பவருக்கு அர்த்தம் புரிந்துவிடும், ஆனால் ஆங்கிலம் அப்படிக் கட்டுவதில்லை. அங்கே இரண்டு சொற்களுக்கு நடுவில் ஓர் இணைப்புச் சொல் வந்தாக வேண்டும். பெரும்பாலும் "அண்ட்", சில நேரம் "ஆர்", சில நேரம் "பை", அபூர்வமாக "பட்".

மெல்ல மெல்ல என்பதற்கு "லிட்டில் பை லிட்டில்" அல்லது "பிட் பை பிட்". ஒவ்வொன்றாக என்பதற்கு "ஒன் பை ஒன்". சுற்றிச் சுற்றி என்பதற்கு "ரவுண்ட் அண்ட் ரவுண்ட்". திரும்பத் திரும்ப என்பதற்கு "அகெய்ன் அண்ட் அகெய்ன்". இவற்றில் ஒரே சொல்தான் இரண்டு முறை வருகிறது, இணைப்பு மட்டும் கூடுதல். அங்கங்கே, அவ்வப்போது என்று வரும்போது ஆங்கிலம் வேறு வழியில் போகிறது: ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சொற்களை எடுத்துக் கோக்கிறது. அங்கங்கே என்பது "ஹியர் அண்ட் தேர்", அதாவது இங்கேயும் அங்கேயும். அவ்வப்போது என்பது "நவ் அண்ட் தென்", இப்போதும் அப்போதும்.

விதிவிலக்கு உண்டு. "வெரி வெரி டயர்ட்", "ஃபார் ஃபார் அவே", "லாங் லாங் அகோ" என்று அழுத்தத்துக்காக ஒரே சொல்லை இணைப்பின்றி அடுக்குவது ஆங்கிலத்திலும் நடக்கும். அது அளவைக் கூட்டிச் சொல்லும் சில சொற்களோடு நின்றுவிடும். "ஸ்லோலி", "குயிக்லி" போன்றவற்றுக்கு அதை நீட்டாதீர்கள்.

படி 2: சொற்களின் வரிசையை மாற்றாதீர்கள்

"தென் அண்ட் நவ்" என்று திருப்பிப் போட்டால் "அன்றும் இன்றும்" என்ற வேறு அர்த்தம் வந்துவிடும். "லேட்டர் ஆர் சூனர்", "லெஸ் ஆர் மோர்" என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. இப்படி வரிசை உறைந்துபோன ஜோடிகளைப் பற்றி யாகோவ் மல்கீல் என்ற மொழியியலாளர் 1959இல் ஒரு விரிவான கட்டுரை எழுதினார். திருப்ப முடியாத இணைகள் என்பதே அவர் வைத்த பெயர். அதற்குப் பிறகு பலரும் இந்த வரிசைக்குள் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று தேடினார்கள். ஓரளவு இருக்கிறது.

பேசுபவருக்குப் பக்கத்தில் இருப்பது முதலில் வரும்: "ஹியர் அண்ட் தேர்", "நவ் அண்ட் தென்", "சூனர் ஆர் லேட்டர்". மேலே, அதிகம் என்ற பக்கம் முதலில் வரும்: "அப் அண்ட் டவுன்", "மோர் ஆர் லெஸ்". அப்புறம், சின்னச் சொல் முன்னால், நீளமானது பின்னால்: "ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்", "ஃபார் அண்ட் அவே". இந்தக் கடைசி ஒழுங்கை, உயிரெழுத்து குறைவான சொல் கூட்டுச் சொல்லில் முன்னால் நிற்கும் என்று பழங்கால இலக்கண ஆசிரியர் பாணினி சமஸ்கிருதத்துக்கு எழுதிவைத்திருக்கிறார். அதனால் மொழியியலில் இதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

தமிழோடு ஒப்பிட்டால் ஒன்று கவனத்துக்கு வரும். ஏறக்குறைய என்ற சொல்லில் ஏற முன்னால், குறைய பின்னால். "மோர் ஆர் லெஸ்" என்பதும் அதே வரிசைதான். அங்கேயே அப்போதே என்பதும் "தேர் அண்ட் தென்" என்பதும் கூட அச்சு அசல். ஆனால் நாம் அங்குமிங்கும் என்கிறோம், ஆங்கிலம் இங்கே என்பதை முதலில் வைக்கிறது. நாம் முன்னும் பின்னும் என்கிறோம், அவர்கள் "பேக் அண்ட் ஃபோர்த்" என்று பின்னை முன்னால் வைக்கிறார்கள். ஆகவே தமிழ் வரிசையை நம்பி ஆங்கில ஜோடியைக் கட்டக் கூடாது. ஜோடியை ஒரே சொல்லாக நினைத்து முழுசாக மனதில் ஏற்றிக்கொள்வதுதான் வழி.

இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் ஜோடிகள் மிகக் குறைவு. "ஆன் அண்ட் ஆஃப்", "ஆஃப் அண்ட் ஆன்" இரண்டும் சரி. "தேர் அண்ட் தென்" பிரிட்டனில் அதிகம் கேட்கும், "தென் அண்ட் தேர்" அமெரிக்காவில் அதிகம்.

படி 3: வாக்கியத்தில் எங்கே வைப்பது

தமிழ் பேசுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தமிழில் வினையடை வினைக்கு முன்னால் வரும்: "கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்." அந்தப் பழக்கத்தில் "ஐ அகெய்ன் அண்ட் அகெய்ன் ரெட் த லெட்டர்" என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இந்த ஜோடிகளின் இயல்பான இடம் வாக்கியத்தின் கடைசி. "ஐ ரெட் த லெட்டர் அகெய்ன் அண்ட் அகெய்ன்." வினை, அதன் செயப்படுபொருள், அதற்குப் பிறகு ஜோடி. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் ஜோடியைச் செருகினாலும் வாக்கியம் இடறும். "ஐ ரெட் அகெய்ன் அண்ட் அகெய்ன் த லெட்டர்" என்று சொல்ல வேண்டாம்.

சந்தேகம் வந்தால் கடைசியில் போடுங்கள். பத்தில் ஒன்பது ஜோடிகளுக்கு அது பொருந்திவிடும் என்று தைரியமாகச் சொல்வேன்.

சில ஜோடிகளை வாக்கியத்தின் தொடக்கத்திலும் வைக்கலாம். "சூனர் ஆர் லேட்டர், யூ வில் நீட் த பாஸ்வேர்ட்." "நவ் அண்ட் தென்", "டைம் அண்ட் அகெய்ன்", "ஸ்லோலி பட் ஷூர்லி", "பை அண்ட் லார்ஜ்" எல்லாம் இப்படி முன்னால் வரும். நேரத்தையோ சொல்பவரின் கருத்தையோ குறிப்பவற்றுக்கு இந்தச் சலுகை உண்டு. அசைவைக் குறிக்கும் "டு அண்ட் ஃப்ரோ", பரப்பைக் குறிக்கும் "ஃபார் அண்ட் வைட்" போன்றவை சாதாரணப் பேச்சில் முன்னால் வருவதில்லை.

வேறு ஒரு சொல்லின் அளவைச் சொல்பவை அந்தச் சொல்லை ஒட்டியே நிற்கும். "த வொர்க் இஸ் மோர் ஆர் லெஸ் ஃபினிஷ்ட்", வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. "வீ ஆர் வெல் அண்ட் ட்ரூலி லாஸ்ட்", சுத்தமாக வழி தவறிவிட்டோம். "ஷி இஸ் ஃபார் அண்ட் அவே த பெஸ்ட் பிளேயர்", மற்ற எவரும் அவள் கிட்டவே வர முடியாது. இந்த "ஃபார் அண்ட் அவே" பெரும்பாலும் "த பெஸ்ட்", "த பிக்கெஸ்ட்" போன்ற உச்ச வடிவத்தின் முன்னால்தான் வரும். வெறும் "குட்" முன்னால் போட முடியாது.

படி 4: ஒன்று போலத் தெரியும் ஜோடிகளைப் பிரித்தறிதல்

அகராதி இரண்டு ஜோடிகளுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தந்துவிடும். பயன்பாட்டில்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் "டே பை டே", "டே ஆஃப்டர் டே". இரண்டுக்கும் நாளுக்கு நாள், தினம் தினம் என்று எழுதிவிடலாம். ஆனால் "டே பை டே" என்றால் ஒரு மாற்றம் படிப்படியாக நடக்கிறது. உடம்பு சரியில்லாமல் இருந்தவர் தேறி வருகிறார்: "ஹி இஸ் கெட்டிங் பெட்டர் டே பை டே." நேற்றைவிட இன்று ஒரு படி மேல். "டே ஆஃப்டர் டே" என்றால் எந்த மாற்றமும் இல்லை, அதே காரியம் மறுபடி மறுபடி: "ஹி சேட் பை த சேம் விண்டோ டே ஆஃப்டர் டே." அதில் ஒரு சலிப்பு தொனிக்கும். இந்த இரண்டு வாக்கியங்களிலும் ஜோடியை மாற்றிப் போட்டுச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் தேறி வருவதன் படிப்படியான ஏற்றம் காணாமல் போகும். இரண்டாவதில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு ஏதோ மாற்றம் நடந்தது போலத் தோன்றி, என்ன மாற்றம் என்று கேட்கத் தோன்றும். "இயர் பை இயர்", "இயர் ஆஃப்டர் இயர்" ஆகியவற்றுக்கும் இதே கணக்கு.

அடுத்து "நவ் அண்ட் தென்", "ஆன் அண்ட் ஆஃப்". தனித்தனியாக, இடைவெளி விட்டு நடக்கும் சம்பவங்களுக்கு முதலாவது. நண்பர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகிறார்: "ஹி விசிட்ஸ் அஸ் நவ் அண்ட் தென்." தொடர்ந்து நடக்க வேண்டிய ஒன்று நின்று நின்று நடந்தால் இரண்டாவது. "இட் ரெய்ன்ட் ஆன் அண்ட் ஆஃப் ஆல் டே", நாள் முழுக்க விட்டு விட்டு மழை. ஒரு மொழியைத் தொடங்கி, விட்டு, மறுபடி தொடங்கிப் படிப்பவர் "ஐ ஹேவ் பீன் லேர்னிங் இட் ஆன் அண்ட் ஆஃப்" என்பார். ஸ்விட்ச் போட்டு அணைப்பதைப் போல என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

திரும்பத் திரும்ப என்பதற்கு மூன்று இருக்கின்றன. "அகெய்ன் அண்ட் அகெய்ன்" பொதுவானது, எங்கேயும் பொருந்தும். "ஓவர் அண்ட் ஓவர்" என்றால் அதே காரியம் அச்சுப் பிசகாமல் மறுபடி நடக்கிறது, கொஞ்சம் அலுப்பும் சேரும். ஒரே பாட்டை விடாமல் போட்டுக்கொண்டிருப்பவரைச் சொல்ல இது பொருத்தம். "டைம் அண்ட் அகெய்ன்" என்பதில் எத்தனை முறை சொல்லியாயிற்று என்ற ஆதங்கம் இருக்கும்: "ஐ ஹேவ் டோல்ட் யூ டைம் அண்ட் அகெய்ன்." இதோடு "ஆன் அண்ட் ஆன்" என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். "ஹி வென்ட் ஆன் அண்ட் ஆன் அபௌட் ஹிஸ் நியூ போன்" என்றால் புதுப் போனைப் பற்றி முடிவே இல்லாமல் பேசினார் என்று அர்த்தம். கேட்டவருக்குப் பொறுமை போய்விட்டது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். மரியாதையாகப் பேச வேண்டிய இடத்தில் ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்லாமல் இருப்பது நல்லது.

போய் வரும் அசைவுக்கு "டு அண்ட் ஃப்ரோ", "பேக் அண்ட் ஃபோர்த்", "அப் அண்ட் டவுன்". ஊசல் ஆடுவதற்கு முதல் இரண்டும் சரி. மின்னஞ்சல்கள் இரண்டு பேருக்கு நடுவே போய்ப் போய் வருவதற்கு "பேக் அண்ட் ஃபோர்த்"தான் இன்று வழக்கம். "ஃப்ரோ" என்பது "ஃப்ரம்" என்பதன் உறவுக்காரச் சொல். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து, இன்றைய ஆங்கிலத்தில் இந்த ஜோடிக்குள் மட்டுமே உயிரோடு இருக்கிறது, தனியாக நிற்காது. "ஹி வாக்ட் அப் அண்ட் டவுன் த ரூம்" என்றால் அறையில் யாரும் ஏறி இறங்கவில்லை. சமதளத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார் என்றுதான் பொருள்.

படி 5: தோற்றம் ஏமாற்றும் ஜோடிகள்

"பை அண்ட் லார்ஜ்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் எதுவும் கிடைக்காது. இது பாய்மரக் கப்பல்காரர்களின் பேச்சு. காற்று வரும் திசையை நெருங்கி எதிர்த்துப் போவது ஒன்று, காற்றுக்கு இசைவாகப் போவது இன்னொன்று. இரண்டிலும் நன்றாகப் போகும் கப்பலைப் பற்றிச் சொல்லும்போது வந்த தொடர், பிறகு மொத்தத்தில் பார்த்தால் என்ற பொருளுக்கு விரிந்தது. "பை அண்ட் லார்ஜ், த பிளான் வொர்க்ட்." எண்ணிக்கையோடு இதைச் சேர்க்கக் கூடாது. ஏறக்குறைய பத்துப் பேர் என்றால் "மோர் ஆர் லெஸ் டென் பீப்பிள்".

"பை அண்ட் பை" இன்று கொஞ்ச நேரம் கழித்து என்ற பொருளில் வரும். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் உடனே என்ற பொருளிலும் இருக்கிறது. பழைய நூல்களில் பார்த்தால் குழம்ப வேண்டாம். பேச்சில் இது பழசாகிவிட்டது, நீங்கள் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

"ஓவர் அண்ட் ஓவர்", "ஓவர் அண்ட் அபவ்" இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பின்னது அதற்கும் மேலாக என்று பொருள்படும், பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தாக வேண்டும்: "ஓவர் அண்ட் அபவ் மை யூஷுவல் வொர்க்."

"ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்" என்பதை முதலாவதாக, இரண்டாவதாக என்று வரிசை போடுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு "ஃபர்ஸ்ட்லி", "ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல்" இருக்கின்றன. இது எல்லாவற்றையும்விட முக்கியமாக என்று அழுத்திச் சொல்ல. "ஷி இஸ் ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட் எ டீச்சர்", அவர் வேறு என்னவாக இருந்தாலும் முதலில் ஓர் ஆசிரியர்.

"அப் அண்ட் அபௌட்" என்றால் நோயிலிருந்து எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். "அவுட் அண்ட் அபௌட்" என்றால் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு சொல் மாறினால் நோயாளி ஊர் சுற்றப் போய்விடுவார், கவனம்.

படி 6: உச்சரிப்பும் எழுத்தும்

நடுவில் வரும் "அண்ட்" முழுசாக ஒலிக்காது. வேகப் பேச்சில் வெறும் "ன்" ஆகச் சுருங்கிவிடும்: "நவ்ன் தென்", "ஓவர்ன் ஓவர்". அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவது சொல்லில் விழும். மூன்று சொற்களையும் சம அழுத்தத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் பட்டியல் வாசிப்பது போலக் கேட்கும்.

எழுதும்போது ஜோடிக்கு நடுவில் காற்புள்ளி வேண்டாம். வினையடையாக வரும்போது சிறுகோடும் வேண்டாம். அதே ஜோடி ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் சிறுகோடு போட்டு இணைப்பார்கள். "டூ இட் ஸ்டெப் பை ஸ்டெப்" என்பதில் கோடு இல்லை, "ஸ்டெப்-பை-ஸ்டெப் கைட்" என்பதில் உண்டு. "அவுட்-அண்ட்-அவுட் லை", பச்சைப் பொய், இதுவும் அப்படியே.

படி 7: எழுதிப் பார்த்து, பிறகு குறைத்தல்

இப்போது ஒரு சின்னச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். சாவி தொலைந்துவிட்டது. வீடு முழுக்கத் தேடினேன். அதே பையைத் திரும்பத் திரும்பத் துழாவினேன். எப்படியும் ஒரு நாள் கிடைக்கும் என்று அப்பா சொன்னார். கண்ட இடத்தில் சாவியை வைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுவது என்று அங்கேயே அப்போதே முடிவு செய்தேன்.

வீடு முழுக்கத் தேடுவதற்கு ஆங்கிலத்தில் "ஹை அண்ட் லோ" இருக்கிறது. "சர்ச்", "லுக்", "ஹன்ட்" போன்ற தேடும் வினைகளோடுதான் இது இந்தப் பொருளில் சேரும். "ஐ சர்ச்ட் ஹை அண்ட் லோ." பையைத் துழாவியதில் அலுப்பு இருக்கிறது, ஆகவே "ஐ செக்ட் த சேம் பேக் ஓவர் அண்ட் ஓவர்". அப்பா சொன்னது நடந்தே தீரும் என்ற உறுதி: "மை ஃபாதர் செட் இட் வுட் டர்ன் அப் சூனர் ஆர் லேட்டர்." கடைசி வரியில் இரண்டு இருக்கின்றன: "தேர் அண்ட் தென், ஐ டிசைடட் டு ஸ்டாப் திஸ் ஹேபிட் ஒன்ஸ் அண்ட் ஃபர் ஆல்." அடியோடு, இனி ஒருபோதும் இல்லை என்பதற்கு "ஒன்ஸ் அண்ட் ஃபர் ஆல்". நிறுத்துவது, தீர்ப்பது, முடிப்பது போன்ற வினைகளோடு அது அழகாக உட்காரும்.

இலக்கணப்படி எல்லாம் சரி. ஆனால் நான்கு வாக்கியங்களில் ஐந்து ஜோடிகள் என்பது அளவுக்கு மீறியது. நானாக இருந்தால் "ஹை அண்ட் லோ" இருக்கட்டும், "ஒன்ஸ் அண்ட் ஃபர் ஆல்" இருக்கட்டும் என்று இரண்டை மட்டும் வைத்துக்கொள்வேன். தேடலின் அவதியும் முடிவின் அழுத்தமும்தான் இங்கே சொல்ல வேண்டியவை. பையைத் துழாவியதற்கு "த்ரீ டைம்ஸ்" போதும். அப்பாவின் வரிக்கு "இட் வுட் டர்ன் அப்" மட்டுமே போதும். "தேர் அண்ட் தென்" இருந்த இடத்தில் "தட் ஈவினிங்" போட்டால் எப்போது என்ற தகவலும் கூடுதலாகக் கிடைத்துவிடும்.